லோங் வீக்கெண்ட் வரைக்கும் பொறுங்கோ

ஓகஸ்ட் மாதம் ரொறொன்ரோப் பக்கம் ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ ஒரு தமிழ் வீட்டின் பின்வளவுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது பந்தல். பாவலும் புடோலும் பின்னிப் படர்ந்திருக்கும். பந்தல் நிழல் படாத பக்கம் கத்தரி, வெண்டி, பச்சைமிளகாய், வேலியோரத்தில் ஒரு வரிசை பயிற்றை. வருகிற உறவினர்கள் அந்தப் பந்தலின் கீழ் நின்றுதான் படம் எடுப்பார்கள். அழகுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஓகஸ்டில் வெயிலும் சூடும் பாதி வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும். கைதேர்ந்த தோட்டக்காரர் யார், ஆசைக்கு நட்டுவைத்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால் ஏப்ரல் மாதம் போய் அவர்கள் வீட்டு யன்னலைப் பார்க்க வேண்டும்.

வெளியே புல் இன்னும் பழுப்பு மாறாமல் கிடக்கும். வீதியோரம் ஒதுக்கிக் குவித்த பனி அழுக்கேறி ஒரு மூலையில் மிச்சமிருக்கும். உள்ளே, தெற்குப் பார்த்த யன்னலடியில் ஒரு பழைய மேசை. மேசை நிறையத் தயிர்ப் பேணிகள், கோப்பி குடித்த கடதாசிக் கோப்பைகள், அடியில் துளையிட்ட ஐஸ்கிறீம் வாளிகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஐஸ்பழக் குச்சி. அதில் பென்சிலால் பயிரின் பெயரும் விதை போட்ட திகதியும். மேலே சங்கிலியில் தொங்கும் விளக்கு, கன்றுகளின் நுனிக்கு நாலு விரல் உயரத்தில். கன்று வளர வளரச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக உயர்த்துவார்கள்.

அந்த மேசைக்கு முன்னால் நின்று பார்க்கப் பழக வேண்டும். புதியவர்கள் உயரத்தைக் கண்டு மயங்குவார்கள். இங்கே உயரம் குற்றம். மார்ச் மாத யன்னல் வெளிச்சம் மட்டும் கத்தரிக்குப் போதாது. போதாத கன்று வெளிச்சத்தைத் தேடி நீளும், தண்டு வெளிறும், ஒரு பக்கம் சாயும். நல்ல கன்று கட்டையாக இருக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி குறைவாக இருக்கும். இலை கரும்பச்சை, தண்டின் அடிப்பாகம் தடிப்பு, ஊதாக் கத்தரியானால் நரம்பில் ஊதா ஓடியிருக்கும். உள்ளங்கையால் மெல்லத் தடவிவிட்டால் வளைந்து உடனே நிமிரும். தெரிந்தவர்கள் தினமும் இரண்டு மூன்று தரம் இப்படித் தடவிவிடுவார்கள். காற்றே படாத வீட்டுக்குள் வளரும் கன்றுக்கு அந்தத் தொடுகை காற்றின் வேலையைச் செய்கிறது. தொடப்பட்ட தண்டு நீள்வதைக் குறைத்துக்கொண்டு தடிக்கிறது. சிறிய மின்விசிறி ஒன்றை மெதுவாகச் சுழலவிடுவதும் இதற்காகத்தான்.

இந்தக் கலை ஊரில் இருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது. யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்றுத் தண்ணீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் புகையிலையும் செய்தவர்களுக்கு நாற்றுமேடை புதிதல்ல. ஆனால் அங்கே நாற்றுமேடைக்கு மேல் கிடுகு போட்டது வெயிலை மறைக்க. இங்கே அதே மனிதர்கள் வெயில் இல்லாத இடத்தில் விளக்கைக் கொளுத்தி நாளுக்குப் பதினாலு, பதினாறு மணித்தியாலம் எரியவிட வேண்டியிருக்கிறது. அங்கே மழையைப் பார்த்துப் பட்டம் வைத்தார்கள். இங்கே உறைபனியைப் பார்த்து வைக்கிறார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு இங்கே அலை அலையாக வந்து, முதலில் தொடர்மாடிப் பல்கனியில் ஒரு வாளி மிளகாய், பிறகு சொந்த வீடு வாங்கிப் பின்வளவில் ஒரு பாத்தி என்று வளர்ந்த தோட்டம் இது. வீடு கட்டிய நிறுவனங்கள் மேல்மண்ணை வழித்துவிட்டு மேலே மெல்லிய புல்விரிப்பு ஒன்றைப் போட்டிருந்தன. அதைக் கிளறினால் கீழே சாம்பல் நிறக் களி. மழையில் பசையாக ஒட்டும், வெயிலில் வெடிக்கும். அந்தக் களியை வருடா வருடம் இலைக் கம்போஸ்டும் செம்மறி எருவும் போட்டுப் புட்டு மாப் பதத்துக்குக் கொண்டுவந்தவர்களை நான் அறிவேன். கையில் அள்ளிப் பிடித்துத் திறந்தால் உதிரும். அதைச் செய்து முடிக்க ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்கிப் பல்கலைக்கழகம் போகும் காலம் பிடிக்கிறது.

எல்லாக் கணக்கும் ஒரு நாளில் இருந்து பின்னோக்கிப் போடப்படுகிறது. ரொறொன்ரோவில் வசந்தத்தின் கடைசி உறைபனி பெரும்பாலும் மே மாத முற்பாதிக்குள் முடிந்துவிடும். ஏரிக்கரையை அண்டிய வளவுகளுக்கு ஒன்ராறியோ ஏரி கொஞ்சம் தயவு காட்டும். வடக்கே போகப் போக நாள் பிந்தும். இலையுதிர்காலத்தின் முதல் உறைபனி ஒக்டோபரில். நடுவில் ஐந்து மாதம் இருப்பதாகத் தோன்றும். ஆனால் பாவலுக்கும் வெண்டிக்கும் உறைபனி இல்லாவிட்டால் மட்டும் போதாது, மண் சுட வேண்டும். இரவு பத்துப் பாகைக்குக் கீழே போனால் அவை சாகா, ஆனால் அப்படியே குந்திவிடும். பிறகு வரும் நல்ல வெயிலிலும் அந்தத் தயக்கம் கிழமைக்கணக்கில் தெளியாது. உண்மையான சூடு யூன், யூலை, ஓகஸ்ட் மூன்று மாதமும் செப்டெம்பரில் பாதியும்தான். விதையில் இருந்து காய்க்கு நாலு மாதத்துக்கு மேல் கேட்கும் கத்தரியை அதற்குள் அடக்க வேண்டும்.

ஆகவே விக்டோரியா தினம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. எந்த வருடமும் 18க்கும் 24க்கும் இடையில் விழும். அதை ஒட்டிய நீண்ட வார இறுதியில்தான் தெற்கு ஒன்ராறியோ முழுவதும் மென்மையான பயிர்களை வெளியே நடுவது வழக்கம். மகாராணியின் பிறந்தநாளுக்கும் நமக்கும் என்ன உறவோ, நம் பாவற்காயின் பஞ்சாங்கம் அந்த நாளில் தொடங்குகிறது. அங்கிருந்து பின்னால் எண்ண வேண்டும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டில் இருந்து பத்துக் கிழமை, அதாவது மார்ச் நடுவில் இருந்து கடைசி வரை. மிளகாய் மெதுவாக முளைப்பது, அதனால் பெப்ரவரி கடைசியிலேயே போடுகிறவர்கள் உண்டு, அவர்கள் செய்வது சரி. தக்காளிக்கு ஆறு தொடக்கம் எட்டு. பாவல், புடோல், பீர்க்குக்கு மூன்று அல்லது நாலு கிழமைதான். வேரைத் தொட்டால் கோபிக்கிற சாதி, பேணிக்குள் சுற்றிக்கொண்ட பிறகு மாற்றி நட்டால் தேறாது. ஆர்வக்கோளாறில் மார்ச்சிலேயே பாவல் விதை போட்டவரின் வீட்டில் மே மாதம் யன்னல் திரைச்சீலையில் கொடி ஏறியிருக்கும். பார்க்க அழகு. நட்டால் ஒரு மாதம் அசையாது. ஏப்ரல் கடைசியில் போட்டவரின் இரண்டு இலைக் கன்று யூலையில் அதைத் தாண்டிப் போகும்.

பாவல் விதையை முளைக்கவைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தட்டையான, ஓரமெல்லாம் செதுக்கிவிட்டதுபோலப் பல்லுப் பல்லான தடித்த ஓடு. அப்படியே மண்ணில் போட்டால் இங்கத்தைய வீட்டுச் சூட்டில் முளைப்பதற்குள் அழுகும். நான் மதிக்கும் ஓர் அன்ரி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்காருவார். பக்கத்தில் நகம்வெட்டி. விதையின் கூர்ந்த முனையை அதன் வாய்க்குள் வைத்து, ஓடு "டிக்" என்று வெடிக்கும் அளவுக்கு மட்டும் அழுத்துவார். உள்ளே இருக்கும் பச்சைத் தோல் கிழியக் கூடாது. கிழிந்த விதையைத் தனியாக எடுத்து ஒதுக்கிவிடுவார். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஓர் இரவு. காலையில் ஈரமான சமையலறைக் கடதாசியில் பரப்பிச் சுருட்டி, பொலித்தீன் பைக்குள் போட்டு, குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைப்பார். அந்த வீட்டில் எப்போதும் சூடாக இருக்கும் இடம் அது. இருபத்தெட்டு பாகை அளவில் கிடந்தால் ஒரு கிழமைக்குள் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வேர் நக நீளம் வந்ததும், அது கீழே பார்க்கும்படி, விரல் மூட்டு ஆழத்தில் கோப்பைக்குள் இறக்குவார். வேர் நீண்டு கடதாசிக்குள் நுழையும் வரை விட்டால் எடுக்கும்போது முறியும் என்பதால், மூன்றாம் நாளில் இருந்து காலையும் மாலையும் சுருளைப் பிரித்துப் பார்ப்பார்.

இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் கன்று சாகும். இரவு நன்றாக நின்றது காலையில் மண்மட்டத்தில் தண்டு நூலாக மெலிந்து படுத்துக்கிடக்கும். நாற்றழுகல். ஈரமும் குளிரும் காற்றோட்டமின்மையும் சேர்ந்தால் மண்ணில் இருக்கும் நோய்க்கிருமி தண்டின் கழுத்தைத் தின்றுவிடும், ஒரு பேணியில் தொடங்கினால் அடுத்த பேணிக்குப் போகும். கறுவாத்தூள் தூவச் சொல்வோர் பலர். என் அபிப்பிராயத்தில் தூளைவிட விசிறி நல்லது, விசிறியைவிடத் தண்ணீரை அடித்தட்டில் ஊற்றி மண் கீழிருந்து உறிஞ்ச விடுவது நல்லது. மேல்மண் காய்ந்து, கீழ்மண் ஈரமாக இருக்கும் பேணியில் இந்த நோயை நான் அதிகம் கண்டதில்லை.

தோட்டக்காரர்கள் இழப்பைச் சொல்லும் விதத்தில்தான் எனக்கு மிகுந்த ரசனை. கோயில் வாசலில், தமிழ்க் கடைகளின் வாகனத் தரிப்பிடத்தில், யாரோ ஒரு பிள்ளையின் அரங்கேற்ற மண்டபத்து வாசலில் இந்தக் கதை நடக்கும். "எனக்குப் போன வருசம் எல்லாம் செத்துப்போச்சு" என்று ஒருவர் சொல்வார். அதில் கேட்பவருக்கு ஒன்றும் இல்லை. பக்கத்தில் நிற்கும் ஐயா கேட்பார்:

"எப்ப இறக்கினீங்கள்?"

"அன்னையர் தினத்துக்கு."

"எந்தப் பக்கம் நட்டது?"

"வேலியோரம்."

"அங்கதான் பிழைச்சது. வீட்டுச் சுவரோட நட்டிருந்தா தப்பியிருக்கும். செங்கல் பகல் முழுக்கச் சூடு குடிச்சு வைச்சிருந்து இரவில விடும். என்ர மூண்டு கன்று சுவரோட நிண்டது, மூண்டும் தப்பிச்சுது. வேலிப் பக்கம் நிண்ட அஞ்சும் கருகிச்சு. அண்டைக்கு இரவு மேகமும் இல்லை, காத்தும் இல்லை. அப்பிடியான இரவுக்குத்தான் பயப்பிட வேணும்."

இதுதான் உயர்ந்த தோட்டப் பேச்சு. எங்கே நட்டது, அன்றைய வானம் எப்படி, எது தப்பியது, ஏன். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலத்தின் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும் என்பது வானிலைப் பாடம். ஐயா அதைத் தன் எட்டுக் கன்றில் இருந்து சொல்கிறார். கேட்டவர் அடுத்த வருடம் பழைய போர்வை ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பார். விளைச்சலைப் பெருமையாகச் சொல்பவரிடம் நாம் கற்பது குறைவு. இழந்ததைத் துல்லியமாகச் சொல்பவரிடம்தான் அடுத்த வருடத்துத் தோட்டம் இருக்கிறது.

2020 மே மாதத்தை இந்த வட்டத்தில் யாரும் மறக்கவில்லை. பெருந்தொற்றால் வீட்டுக்குள் அடைபட்டு, அதுவரை மண்ணைத் தொடாதவர்களும் விதை வாங்கினார்கள். விதை நிறுவனங்களுக்குக் கட்டளைகளைச் சமாளிக்க முடியாமல் போனது. அந்த வருடம் அன்னையர் தின வார இறுதியில் ரொறொன்ரோவில் பனித்தூறல் விழுந்தது. முந்திக்கொண்டவர்களின் தக்காளியும் கத்தரியும் கறுத்துத் தொங்கின. "லோங் வீக்கெண்ட் வரைக்கும் பொறுங்கோ" என்ற மூத்தவர்களின் வாசகத்துக்கு அதற்குப் பிறகு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

இந்தப் பேச்சு நமக்குள் மட்டும் அடங்கிவிடாததும் எனக்குப் பிடிக்கும். கனடா முழுவதும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில் சீடி சற்றர்டே என்று விதைச் சந்தைகள் நடக்கின்றன. முதலாவது 1990இல் வன்கூவரின் வான்டூசன் தாவரவியற் பூங்காவில் நடந்தது. பாரம்பரிய விதைகளைப் பேணும் சீட்ஸ் ஒஃப் டைவர்சிற்றி அமைப்பின் வேர் 1984 வரை போகிறது. அந்தச் சந்தைகளில் மேசைக்கு மேசை நடந்தால், நம் அன்ரிமார் கேட்கும் அதே கேள்விகளை உக்ரேனியப் பாட்டியும் யமைக்கத் தாத்தாவும் கேட்பதைக் கேட்கலாம். வேலிக்கு அந்தப் பக்கத்து இத்தாலியத் தாத்தாவிடம் நம்மவர்கள் கற்றது நிறைய. அவர்கள் அத்திமரத்தைக் காப்பாற்றும் விதம் பிரமிப்பு: இலை உதிர்ந்ததும் வேரின் ஒரு பக்கத்தை வெட்டி, மரத்தை அப்படியே வளைத்துப் பள்ளத்தில் படுக்கவைத்து மண்மூடி, வசந்தத்தில் தோண்டி நிமிர்த்துவார்கள். லைலாக் பூ முழுதாக விரியும் வரை தக்காளியை வெளியே வைக்கக் கூடாது என்பது இந்த நாட்டுத் தோட்டக்காரர்களிடம் பழகிய அடையாளம். நாள்காட்டி வருடத்துக்கு வருடம் ஏமாற்றும். லைலாக் அந்த வருடத்துச் சூட்டைக் கூட்டிப் பார்த்துத்தான் பூக்கும். நம்மவர் பலர் இப்போது இரண்டையும் பார்க்கிறார்கள்.

வெளியைப் பழக்கும் வேலை மே மாத முதற்கிழமையில் தொடங்கும். இது பொறுமையின் உச்சம். விளக்கின் கீழ் வளர்ந்த இலை உண்மையான வெயிலைக் கண்டதில்லை. நேரே கொண்டுபோய் வைத்தால் ஒரே மத்தியானத்தில் இலையில் வெள்ளைத் திட்டு விழும், அந்த இலை திரும்பாது. முதல் நாள் மரநிழலில் ஒரு மணித்தியாலம். அடுத்த நாள் இரண்டு. பிறகு காலை வெயில் மட்டும். ஒரு கிழமை, பத்து நாளில் முழு வெயில். ஒவ்வொரு மாலையும் தட்டுத் தட்டாகத் திரும்ப உள்ளே. பிள்ளைகள் வேலைக்குப் போன வீட்டில் முழங்கால் நோவோடு இந்தத் தட்டுகளைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். இந்தக் கன்றுகளைக் கடையில் வாங்கும் கன்றுகளோடு யாரும் ஒப்பிடக் கூடாது.

சில பயிர்கள் எந்தப் பொறுமைக்கும் மசியா. அவரை அப்படி. ஊரில் இருந்து வந்த அவரை விதையை முறையாக முளைக்கவைத்து, முறையாக வெளியைப் பழக்கி நட்டவர்கள் யூலையில் வேலி தெரியாமல் கொடி படர்ந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, பூவைத் தேடித் தேடிக் களைத்துப்போனார்கள். பசளை கூடிவிட்டது என்றார்கள் சிலர், ஆண் கொடி என்றார்கள் சிலர். காரணம் பகலின் நீளம். பழைய அவரை இனங்கள் பலவும் இரவு நீண்டால்தான் பூக்கும். யூன் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பகல் பன்னிரண்டரை மணித்தியாலத்தைச் சற்றுத் தாண்டும். ரொறொன்ரோவில் அதே நாளில் பதினைந்தரை. கொடி இங்கே தன் காலம் வரவில்லை என்று காத்திருக்கிறது. செப்டெம்பர் பிற்பகுதியில் இரவும் பகலும் சமனாகும் சமயம் பூ வெடிக்கும், பிஞ்சு இறங்கும், ஒக்டோபரில் உறைபனி எல்லாவற்றையும் ஒரே இரவில் கறுக்கவைக்கும். சிறகவரையும் இதே குணம்தான்.

இதற்குத் தீர்வு கண்டவர்கள் விதையை மாற்றினார்கள். அழகுக்காக இங்கே நடப்படும் ஊதாப் பூ அவரையில் முன்கூட்டியே பூக்கும் இனங்கள் உண்டு. அதன் பிஞ்சை நன்றாக அவித்துக் கறி வைக்கலாம். வேறு சிலர் விதையை மாற்றாமல், தங்கள் கொடிகளிலேயே எது மற்றவற்றைவிட முந்திப் பூத்ததோ அதை அடையாளம் வைத்து, அதன் நெற்றை மட்டும் எடுத்து அடுத்த வருடம் நட்டார்கள். இப்படி விரும்பிய குணத்தைத் தெரிந்தெடுக்கும் வேலைதான் உலகத்துப் பயிரினங்களில் பெரும்பாலானவற்றை உண்டாக்கியது. ஸ்காபரோவின் பின்வளவில் அது இப்போது நடந்துகொண்டிருப்பதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது. நயாகரா பக்கத்தில் உள்ள வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையம் வெண்டி, நீளக் கத்தரி போன்றவற்றை ஒன்ராறியோ விவசாயிகளின் வயலுக்குப் பொருத்திப் பார்த்திருக்கிறது. அது வயலுக்கானது. வீட்டுப் பந்தலுக்கான கணக்கைப் போட்டவர்கள் வீட்டுக்காரர்களே.

புடோலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை எங்கே நடுவது என்பதை மே மாதத்திலேயே இரவை நினைத்து முடிவெடுக்க வேண்டும். புடோல் பூ பொழுதுபட்ட பிறகு விரிவது. வெள்ளை இதழின் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து சுருளும். ஊரில் இரவு விட்டில்கள் மகரந்தத்தைக் கொண்டுபோகும். இங்கே பல வளவுகளில் அந்த விருந்தாளி வருவதில்லை. பிஞ்சு மஞ்சளித்து விழுந்துவிடும். ஆகவே இரவு ஒன்பது, பத்து மணிக்குக் கைவிளக்கோடு போய், ஆண்பூவைப் பறித்து, கீழே சின்னப் புடோலங்காய் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண்பூவின் நடுவில் மெல்ல ஒற்றிவிட வேண்டும். பந்தலை வளவின் கடைசி மூலையில் போட்டவர் இதைச் செய்ய மாட்டார். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில், தலைக்கு எட்டும் உயரத்தில் போட்டவர் செய்வார். காய் இறங்கியதும் நுனியில் சிறு கல்லைக் கட்டி நேராக்கும் ஊர்ப் பழக்கத்தையும் சிலர் விடவில்லை.

அணிலைப் பற்றி நீட்ட விருப்பமில்லை. புதிதாகக் கிளறிய மண் எங்கே இருந்தாலும் ரொறொன்ரோவின் கறுப்பு அணில் அங்கே ஏதோ புதைந்திருப்பதாக நம்பும். மிளகாய்த்தூள் ஒரு மழைக்குத் தாங்காது. கம்பிவலைதான் வழி, கன்று வேர்பிடிக்கும் வரை மூடி வையுங்கள். பயிற்றங்கன்றின் நுனியைக் கடிக்கும் முயலுக்கும் அதே வலை.

கறிவேப்பிலைக்கு வேறு நியாயம். அது நிலத்துக்கு இறங்காமல் சாடியிலேயே வாழும் மரம். ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் வெயில் விழும் நல்ல யன்னலை அதுதான் குளிர்காலம் முழுவதும் பிடித்துக்கொண்டிருக்கும். ஹீற்றரின் வறண்ட காற்றில் இலை கொட்டும், செதிற்பூச்சி தண்டில் ஒட்டும், பார்க்கப் பரிதாபமாக நிற்கும். அந்த நேரத்தில் பயந்து தண்ணீரும் பசளையும் ஊற்றுபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள். குளிர்காலத்தில் அது உறங்குகிறது. மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர், பூச்சிக்குச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த பஞ்சு, வேறொன்றும் வேண்டாம். ஏப்ரலில் நுனியை வெட்டிவிட்டால் பக்கக்கிளை வெடிக்கும். இரவுச் சூடு நிலையாகப் பத்துப் பாகைக்கு மேல் நின்ற பிறகு, கத்தரிக்கன்றுக்குச் செய்ததுபோலவே நிழலில் தொடங்கி வெளியே எடுக்க வேண்டும். யூன் மாதத்தில் அது தளிர்க்கும் தளிரின் மணத்துக்கு, கடையில் பொலித்தீன் பையில் வரும் இலை ஈடாகாது.

கடைசியாக விதை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியின் பெயரைத் தாங்கிய ஊதாக் கத்தரி, வெள்ளைப் பாவல், வீட்டுக்கு வீடு வேறுபட்ட பச்சைமிளகாய் என்று இங்கே கைமாறும் விதைகளில் பல, இந்த மண்ணில் பல தலைமுறை கண்டவை. ஊரில் இருந்து விதை கொண்டுவரச் சட்ட விதிகள் உண்டு, அவை காரணத்தோடு இருப்பவை. இங்கே விளைந்த விதைக்கு அந்தத் தொல்லை இல்லை, இந்தக் குறுகிய கோடையில் காய்த்துக் காட்டிய தகுதியும் அதற்கு இருக்கிறது. முதலில் இறங்கிய நல்ல காயை யாரும் பறிக்காமல் முற்றவிடுவதுதான் சிறந்த விதைக்காரரின் அடையாளம். நாலு மாதம் காத்திருந்த வீட்டில் முதற்காயைக் கறிக்கு விடாமல் சிவப்பு நாடா கட்டி வைப்பதற்கு மனவுறுதி வேண்டும். கடைசிக் காயில் விதை எடுப்பது இலகு. ஆனால் அது பிந்திக் காய்த்த கன்றின் காயாக இருந்தால் அந்தக் குணத்தையே அடுத்த வருடத்துக்குக் கொடுக்கும்.

ஆனால் அந்த விதைகள் கைமாறும்போது ஒரு வெறும் கடதாசிப் பொட்டலமாகவே கைமாறுகின்றன. கதை, கொடுப்பவரின் வாயில் இருக்கிறது. இந்தக் கணக்கையெல்லாம் முதலில் போட்டுப் பார்த்தவர்கள் முதியவர்களாகிவிட்டார்கள், சிலர் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் பந்தலின் படத்தை வைத்திருக்கிறார்கள், பட்டத்தை வைத்திருக்கவில்லை. ஆகவே இந்த வசந்தத்தில் கன்றோ விதையோ கொடுக்கிறவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பொட்டலத்தின் மேல், பேணியின் குச்சியில், இடம் போதாவிட்டால் தனிக் கடதாசியில் எழுதிக் கொடுங்கோ: யாரிடம் வாங்கியது, எந்த வருடம் எடுத்த விதை, எந்தத் திகதியில் உள்ளே போட்டது, எப்போது வெளியே இறக்கியது, முதற்காய் எப்போது வந்தது. செத்துப்போன வருடம் இருந்தால் அதையும், ஏன் செத்தது என்பதையும் எழுதுங்கோ. வாங்குகிறவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கோ.